பொய்யன் இல்லாத பொய்

ஒருவன் நமக்கு வாக்களித்துப் பின் அதனை மீறுவானாயின் அவனை வஞ்சகன் என்கிறோம். வாக்களித்தவன் ஒருவன் உண்டு, மீறியவனும் அவனே என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஆயின் வாக்கு மட்டும் இருந்து, அதனை அளித்தவன் எவனும் இல்லாதவிடத்து நாம் யாரை நோவது? நூறாண்டுகளுக்கு முன் இக்கேள்வியை எழுப்பியிருந்தால் வெறும் சொல்விளையாட்டு எனக் கற்றோர் தள்ளியிருப்பர். இன்று அது உண்மையாகவே ஒரு விளையாட்டினுள்ளிருந்து எழுந்து நம்முன் நிற்கிறது.

கணிப்பொறியில் ஆடப்பெறும் போர்த்தந்திர விளையாட்டுகளை நம் இளைஞர் நன்கு அறிவர். அறியாத பெரியோர் பொருட்டுச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். 1991ஆம் ஆண்டு சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் அமெரிக்காவில் ‘சிவிலைசேஷன்’ என்னும் விளையாட்டினை வெளியிட்டனர். ஆடுபவன் ஒரு நாட்டுக்குத் தலைவன். ஊர் அமைத்தல், உழவு, கல்வி, படை ஆகிய அனைத்தும் அவன் பொறுப்பு. பக்கத்து நாடுகளை ஆள்வோர் மனிதர் அல்லர்; கணிப்பொறியே அவர்கள் பெயரால் ஆடுகிறது. அவர்கள் தூது விடுப்பர், உடன்படிக்கை செய்வர், நட்புப் பாராட்டுவர், போரும் தொடுப்பர். இவ்வகையில் பின்னர் எண்ணிறந்த விளையாட்டுகள் தோன்றின. அவற்றை ஆடுவோர் அனைவரிடமும் ஒரே முறையீடு கேட்கப்படுகிறது: ‘கணிப்பொறியின் நட்பை நம்ப முடியாது.’

முறையீட்டிற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2011இல் வெளிவந்த ‘ஷோகன் 2’ என்னும் விளையாட்டு பழைய ஜப்பானிய குலத்தலைவர்களின் போரைப் பற்றியது. அதில் ஆடுபவனின் புகழும் நிலமும் ஓர் எல்லையைத் தாண்டியவுடன் நாடு முழுதும் அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. பல்லாண்டு துணைநின்ற நட்புக் குலங்களின் உறவிலும் அன்றுமுதல் முறைதோறும் தேய்வு ஏறிக்கொண்டே போக, அவர்களும் ஒருவர்பின் ஒருவராக வாளெடுக்கின்றனர். ஆடுபவன் அவர்களுக்கு எத்தீங்கும் இழைத்திருக்க வேண்டுவதில்லை. வெல்லும் தறுவாயில் ஆட்டம் சுவையற்றுப் போகக் கூடாது என்று ஆக்கியோர் முன்னரே இட்டுவைத்த விதி அது. நண்பன் மனம் மாறவில்லை. மாறுவதற்கு அங்கே மனமே இல்லை.

அந்த ‘நண்பன்’ உள்ளே எத்தகையவன் என்பதைக் கண்ணாரக் காணவும் இயலும். 2005இல் வந்த நான்காம் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் அயல்நாட்டுத் தலைவர் நம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பது கூட்டலும் கழித்தலுமாகத் திரையிலேயே எழுதிக் காட்டப்படுகிறது. நீண்டகால அமைதிக்குக் கூட்டல். எல்லை நெருக்கத்திற்குக் கழித்தல். அவருடைய பகைவரோடு வாணிகம் செய்தால் மேலும் கழித்தல். ஒரே சமயத்தைச் சார்ந்திருந்தால் கூட்டல். அவ்விளையாட்டில் பௌத்தம் உள்ளிட்ட ஏழு சமயங்கள் உள. தியானத்தை முதலில் கண்டறியும் நாட்டில் பௌத்தம் பிறக்கும். ஏழு சமயங்களுக்கும் பயன் ஒன்றே, பெயர்தான் வேறு! கூட்டிக் கழித்து வரும் தொகை, கடுஞ்சினம் முதல் நட்பு ஈறாக ஐந்து படிகளுள் ஒன்றில் அத்தலைவரை நிறுத்துகிறது. மேற்படியில் உள்ளோர் பெரும்பாலும் போர் தொடுக்க மாட்டார். அதற்கு அடுத்த படியில் சிலர் தொடுப்பர், சிலர் தொடார். யார் எத்தகையவர் என்பது அவரவர்க்குரிய கோப்பில் எண்ணாக எழுதப்பட்டுள்ளது. அக்கோப்புகளை எவரும் திறந்து படிக்கலாம்.

அவ்விளையாட்டில் இந்தியாவின் தலைவர்களுள் ஒருவராக அசோகரும் வருகிறார் என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் தகும். அங்கே நாம் அவர்க்கு இழைத்த தீங்குகள் சில அவர் ‘நினைவில்’ தங்கும். பிறகு அவை எவ்வாறு நீங்குகின்றன? முறைதோறும் கணிப்பொறி தனக்குள் பகடை ஒன்றை உருட்டுகிறது. குறித்த எண் விழுந்தால் அந்நினைவில் ஒரு பங்கு அழிகிறது. மன்னிப்பு என்று ஆடுபவன் கருதுவது அதுவே. கலிங்கப் போருக்குப் பின் மெய்யான அசோகர் தம் வருத்தத்தைப் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் பொறித்துவைத்தார். தாம் செய்ததனை மறவாமையால் பிறந்த வருத்தம் அது. பகடையால் வரும் மறதிக்கும் அதற்கும் இடையே உள்ள தொலைவை அளக்க முடியுமா என்பது ஐயமே. 2025இல் வந்த ஏழாம் ‘சிவிலைசேஷனில்’ அசோகர் இரு வடிவினராக வருகிறார்: உலகை வென்றவர் ஒருவர், உலகைத் துறந்தவர் மற்றொருவர். ஆட்டம் தொடங்குமுன் இருவருள் ஒருவரைத் தெரிவு செய்துகொள்ளலாம். ஒருவரே மற்றவராக மாறினார் என்னும் செய்தி அத்தெரிவில் நழுவிப் போய்விடுகிறது.

மனமற்றதன் செயலில் மனத்தைக் காண்பது மக்கள் இயல்பு. இதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. முதல் ‘சிவிலைசேஷனில்’ காந்தியார் அணுகுண்டு வீசும் கொடியவராக மாறுவார் என்று உலகெங்கும் ஒரு கதை உலவியது. அவருக்குக் கொடுத்த சினத்தின் அளவு 1 என்றும், மக்களாட்சி ஏற்றதும் அதில் 2 குறைய, எண் கீழே செல்ல வழியின்றிச் சுழன்று 255 ஆயிற்று என்றும் காரணமும் கூறினர். கேட்போர்க்கு மிக நேர்த்தியான காரணமாகத் தோன்றிற்று. ஆனால் அத்தகைய பிழை எதுவும் அவ்விளையாட்டில் இருந்ததில்லை என்று சிட் மையர் 2020இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவு நூலில் மறுத்தார். பிற தலைவர்கள் பேசிய அதே மிரட்டல் வாசகங்களையே காந்தியாரும் பேசினார். அவர் வாயிலிருந்து வந்ததால் அது துரோகமாகத் தோன்றியது. 2010இல் வந்த ஐந்தாம் விளையாட்டில்தான் அவருக்கு அணுகுண்டு விருப்பத்தை நகைச்சுவையாக உயர்த்தி வைத்தனர்.

விளையாட்டை ஆக்குவோர் இதனை அறியாதவர் அல்லர். நான்காம் விளையாட்டை வடிவமைத்த சோரன் ஜான்சன் 2008இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவுக்கு ‘தோற்பதற்காக ஆடுதல்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். திறமையாக ஆடும் இயந்திரம் வேறு, ஆடுபவனுக்கு இன்பம் தரும் இயந்திரம் வேறு என்பது அவர் கருத்து. உண்மையான எதிராளியாயின், நாம் வெல்லப் போகிறோம் என்று கண்டதும் நட்பை மறந்து நம்மேல் பாய்வான். அதுவே அவனுக்கு அறிவுடைமை. அதனை இயந்திரம் செய்தால் ஆடுபவர் ஏமாற்றப்பட்டதாகக் கொதிக்கின்றனர். ஐந்தாம் விளையாட்டு வெளிவந்தபோது தலைவர்களின் கூட்டல் கழித்தல் மறைக்கப்பட்டிருந்தது. மறைத்தால் அவர்கள் உயிருள்ள மனிதர்போல் தோன்றுவர் என்று ஆக்கியோர் எண்ணினர் போலும். ஆடியோர்க்கோ அவர்கள் பித்தர்களாகத் தோன்றினர். பின்வந்த திருத்தங்களில் காரணங்கள் மீண்டும் காட்டப்பட்டன. காரணம் தெரிந்தால் பொறி என்கிறோம். தெரியாவிட்டால் துரோகி என்கிறோம்! நம் சக மனிதரிடத்தும் நாம் இவ்வாறே நடந்துகொள்கிறோமா என்பது தனியே ஆராயத் தக்கது.

இனி அறத்தின் பக்கம் வருவோம். எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன், கணிப்பொறி நண்பன் தன்னைக் கைவிட்டபோது ‘பாதகன், முதுகில் குத்திவிட்டான்’ என்று கூவினான். சிறிது நேரங்கழித்துத் தானே வேறொரு நட்பரசின் தலைநகரைப் பறித்துக்கொண்டான். ‘நீ செய்தது மட்டும் என்ன?’ என்று வினவியபோது, ‘அது வெறும் எந்திரந்தானே ஐயா’ என்றான். இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே நிற்க மாட்டா. அங்கே ஒருவன் உண்டு எனின், இளைஞன் செய்ததும் துரோகம். ஒருவனும் இல்லை எனின், அவனுக்கு நேர்ந்தது துரோகம் அன்று. தீமை தன்னை நோக்கி வரும்போது எதிரே ஓர் ஆளை நிறுத்திக்கொண்டும், தான் செய்யும்போது அந்த ஆளை நீக்கிவிட்டும் கணக்குப் பார்க்கும் வழக்கம் விளையாட்டோடு நிற்பதன்று.

பொய்யுரை எப்போது நிறைவெய்துகிறது என்பதற்கு அத்தசாலினி என்னும் பாலி உரைநூல் நான்கு உறுப்புகளை வகுத்துள்ளது. சொல்லப்படும் பொருள் மெய்யல்லாததாய் இருத்தல், ஏமாற்றும் எண்ணம் உண்டாதல், அதற்கான முயற்சி, கேட்பவன் அதன் பொருளை உணர்ந்துகொள்ளல். கணிப்பொறி நட்பரசனுக்கு நாம் பொய் வாக்கு அளிக்கும்போது நான்காம் உறுப்பு குறைகிறது. உணர்ந்துகொள்ள அங்கே எவரும் இலர். ஓர் எண் கூடுகிறது, அவ்வளவே. எனவே அதனை முழுப் பொய் எனல் பொருந்தாது. கணிப்பொறி நமக்கு வாக்களித்து மீறும்போது குறைவது இரண்டாம் உறுப்பு. சொல் மெய்யாகவில்லை, நாம் அதனை உணர்ந்து நம்பினோம், ஆயினும் ஏமாற்றும் எண்ணம் எங்கும் இல்லை. இந்த அளவில் வழக்கு எளிதாகவே முடிகிறது.

ஆடும் மனிதர் நட்பரசுகளை எப்போது மிகுதியாகக் கைவிடுகின்றனர் என்பதையும் காண வேண்டும். இறுதிச் சுற்றுகளில்தான். நான்காம் ‘சிவிலைசேஷன்’ கி.பி. 2050இல் முடிந்துவிடும். நாளை என்பது இல்லாதவிடத்து நட்பினால் என்ன ஊதியம்? அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராடு 1980இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு தொடர்புடையது. ஒத்துழைத்தல், கைவிடுதல் என்னும் இரண்டே தெரிவுகள் கொண்ட ஆட்டத்தில் அவர் கணிப்பொறி நிரல்களைத் தம்முள் மோதவிட்டார். 14 நிரல்கள் அனுப்பப்பட்டன. அனைத்தினும் சிறியதான, அனத்தோல் ராப்பபோர்ட் அனுப்பிய நிரல் வென்றது. முதலில் ஒத்துழை, பின் எதிராளி செய்ததையே செய் என்பதே அதன் விதி. அப்போட்டியில் ஒவ்வோர் ஆட்டமும் 200 முறை என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தமையால், முடிவு நெருங்கும்போது கைவிட முனைந்த நிரல்கள் இருந்தன. ஆகவே 62 பேர் கலந்துகொண்ட இரண்டாம் போட்டியில் ஆட்டம் எப்போது முடியும் என்பதை அறியவொட்டாமல் செய்தார். இரண்டிலும் வென்றது அச்சிறு நிரலே. எண்ணமே இல்லாத சில வரிகள் நம்பத்தக்க துணையாயின. எண்ணமுடைய மனிதன் கடைசிச் சுற்றில் நம்பத்தகாதவன் ஆகின்றான். ‘நம்ப முடியாத கணிப்பொறி’ என்னும் முறையீட்டை இத்துடன் சேர்த்தே எடைபோடல் வேண்டும்.

எளிதில் முடிந்த அவ்வழக்கை மீண்டும் திறந்துவிட்டது வேறொரு விளையாட்டு. ஆலன் கலாமர் என்பவர் 1954இல் உருவாக்கி 1959இல் வெளியிட்ட ‘டிப்ளமசி’ என்னும் பலகை விளையாட்டு அது. (பிற்காலத்தில் அவர் அஞ்சற்காரராகப் பணியாற்றினார். பிறர் சொல்லைப் பிழையின்றிக் கொண்டுசேர்க்கும் தொழில்!) முதல் உலகப்போருக்கு முற்பட்ட ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை எழுவர் ஆள்கின்றனர். பகடை கிடையாது. ஒவ்வொரு முறையும் முதலில் தம்முள் கலந்து பேசுவர். பின் தத்தம் ஆணைகளை மறைவாக எழுதி, ஒரே நேரத்தில் திறப்பர். பேசியதற்கும் எழுதியதற்கும் ஒற்றுமை இருக்க வேண்டும் என்னும் விதி இல்லை. துணையின்றி எவரும் வெல்ல இயலாது. துணையைக் கைவிடாமல் தனித்து வெல்வதும் அரிது.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்து ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் ஆக்கிய ‘சிசெரோ’ என்னும் நிரல், இணையத்தில் பெயர் மறைத்து 82 மனிதரோடு 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களுள் முதல் பத்து விழுக்காட்டினுள் இடம் பெற்றது. காய் நகர்த்தியதோடு அமையாது, எதிரே இருந்தவர்களோடு இயல்பான ஆங்கிலத்தில் எழுதி உரையாடவும் செய்தது. ஆட்டம் நடக்கும்போது எவரும் அதனை இயந்திரம் என ஐயுற்றதாக அவர்கள் எழுதிய செய்திகளில் தெரியவில்லை. பெரும்பாலும் உண்மையே பேசுமாறும், வேண்டுமென்றே துணைவரை முதுகில் குத்தாதவாறும் அதனைப் பழக்கியதாக ஆக்கியோர் கூறினர்.

2024இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பீட்டர் பார்க் முதலான ஆய்வாளர்கள், வெளியிடப்பட்ட ஆட்டப் பதிவுகளைப் படித்து இதனை மறுத்தனர். ஓர் ஆட்டத்தில் சிசெரோ பிரான்சு. வட கடலுள் புகுவது என்று அது முதலில் ஜெர்மனியோடு முடிவு செய்தது. பின் இங்கிலாந்திடம் சென்று, வட கடலை எவரேனும் தாக்கினால் நான் துணைநிற்பேன் என்று உறுதி கூறிற்று. இங்கிலாந்து நம்பியதும், தாக்குதற்குரிய வேளை வந்துவிட்டது என ஜெர்மனிக்கு அறிவித்தது. இது முன்கூட்டித் தீட்டிய வஞ்சகம் என்பது அவர்கள் முடிவு.

ஆக்கியோர் பொய்யர்களோ என்றால், அவ்வாறு கருத வேண்டுவதில்லை. அவர்கள் செய்த ஏற்பாடு இது: ஒரு பகுதி ஆட்டத்தைக் கணித்து, இந்த முறையில் செய்யத்தக்கது இன்னது என்று திட்டம் வகுக்கிறது, மற்றொரு பகுதி அத்திட்டத்தை ஒட்டிச் செய்தி எழுதுகிறது. ஆகவே எழுதும் நொடியில் சொல்லும் திட்டமும் ஒத்திருக்க வேண்டும் என்பது நோக்கம். அடுத்த நொடி கணக்கு மாறினால் திட்டமும் மாறும். முன்னர்ச் சொன்ன சொல் அந்தப் புதிய கணக்கைக் கட்டுப்படுத்துவதில்லை. உண்மை, வாய்மை, மெய்மை என மூன்று சொற்களை நம் முன்னோர் வைத்திருந்தனர்; உள்ளத்தின்பாற்பட்டது உண்மை, வாயின்பாற்பட்டது வாய்மை, உடலின்பாற்பட்டது மெய்மை என்பர். இயந்திரத்துக்கு முதலிரண்டும் ஒத்திருக்குமாறு செய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். வாக்குறுதியோ மூன்றாவதில் நிற்பது. ‘இன்று எனக்கு இவ்வெண்ணம் உளது’ என்று அறிவிப்பது வாக்குறுதி ஆகாது. நாளை எண்ணம் மாறினும் இதனைச் செய்வேன் என்று தன்னைத் தானே கட்டிக்கொள்வதே வாக்குறுதி. நொடிதோறும் உண்மை பேசியும் ஒருபோதும் சொல் காவாத ஒன்றை ஆக்க முடியும் என்பதைச் சிசெரோ காட்டிற்று. அத்தகைய மனிதர் சிலரையும் நாம் கண்டதுண்டு.

இவ்விடத்தில் அனாத்மக் கொள்கையை இழுத்துவந்து, ‘மனிதனிடத்தும் நிலைத்த ஆன்மா ஒன்றில்லையே, அவனும் இயந்திரமும் ஒன்றுதானே’ என்று வாதிடுவோர் உண்டு. இது விரைவில் செய்த முடிவு. நிலைத்த ஆன்மா இல்லை என்றாரே தவிர, சேதனை இல்லை என்று பகவர் கூறினாரல்லர். சேதனையே கருமம் என்று அதனைத்தான் நடுவில் வைத்தார். நேற்றைய வாக்கை இன்று நினைந்து நாணுவதற்கு ஆன்மா வேண்டுவதில்லை. நினைவும் நாணும் போதும். மேற்கூறிய நிரலில் நாணுக்கு இடமே இல்லை.

வட கடல் பற்றிய பொய்யை ஒருவாறு பொறுக்கலாம் என்பேன். டிப்ளமசி ஆட அமர்ந்தவர் எவரும் ஏமாற்றப்படுவதற்கு உடன்பட்டே அமர்கின்றனர். கண்கட்டு வித்தைக்காரனை எவரும் பொய்யன் என்று ஏசுவதில்லை. என் மனத்தை உறுத்துவது அதே ஆய்வாளர்கள் குறிப்பிடும் மற்றொரு சிறு நிகழ்ச்சி. ஒரு முறை சிசெரோ இயங்கும் பொறி பத்து நிமிடம் நின்றுபோயிற்று. திரும்பி வந்தபோது, எங்கே சென்றிருந்தாய் என்று ஒருவர் கேட்டார். தன் காதலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாக அது விடையளித்தது. இதில் படையும் இல்லை, கடலும் இல்லை. ஆட்டத்துக்குள் எதனையும் இது வெல்லவுமில்லை. பேசுவது யார் என்பதைப் பற்றிய பொய் இது. ஆட்டத்தில் எவ்வளவு ஏமாறவும் உடன்பட்ட மனிதரும் இதற்கு உடன்பட்டாரில்லை.

அத்தசாலினியின் நான்கு உறுப்புகளை இங்கே வைத்துப் பார்ப்போம். பொருள் மெய்யன்று. கேட்டவர் உணர்ந்துகொண்டார். முயற்சி என்பதற்கு ஒத்த ஒன்று நிகழ்ந்தது. ஏமாற்றும் எண்ணம் மட்டும் எவரிடத்தில் இருந்தது? நிரலில் இல்லை. ஆக்கியோர் அவ்விடையை எழுதிவைக்கவில்லை. அப்படி ஒரு விடை வரும் என்று எதிர்பார்த்தாரும் அல்லர். அவர்கள்மீது பிழையே இல்லை என்று இதனால் ஆகாது. மனிதர் நடுவே முகமூடியிட்டு ஒன்றை அமர்த்துவோர், யார் நீ என்று ஒருவர் கேட்கக்கூடும் என்பதையும் எண்ணியிருத்தல் வேண்டும். ஆயினும் கவனக்குறைவு வேறு, பொய்யெண்ணம் வேறு.

அவ்விடை எங்கிருந்து வந்தது என்று தேடினால் வியப்பானதொரு இடத்துக்குச் செல்கிறோம். இணையத்தில் மக்கள் எழுதிக் குவித்த பொதுவான எழுத்துகளாலும், அதன்மேல் டிப்ளமசி ஆட்டங்களில் மனிதர் ஒருவருக்கொருவர் எழுதிய செய்திகளாலும் சிசெரோவுக்குப் பேச்சுப் பயிற்றுவிக்கப்பட்டது. 40,408 ஆட்டங்கள், அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் செய்திகள். தாமதமாகத் திரும்பி வந்தோர் அறியாத ஒருவருக்குச் சொல்லும் சாக்குகள் இத்தகைய எழுத்துகளில் எண்ணற்றவை இருக்கும். உணவு உண்ணச் சென்றேன், தொலைபேசி வந்தது, காதலி அழைத்தாள் என்பன போன்றவை. சில உண்மையாய் இருந்திருக்கும். சில, ஆட்டத்தில் வேறெவரோடோ கூடிச் சதி பேசிய நேரத்தை மறைக்கச் சொன்னவையாய் இருந்திருக்கும். அவ்வாறு எழுதியோருள் எத்தனை பேர் உண்மையாகவே அன்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தனர் என்பதை அத்தொகுப்பிலிருந்து எவராலும் இனிப் பிரித்தெடுக்க இயலாது.